செவ்வந்தி விட்ட மீன்

செவ்வந்திக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். கத்துகிறவர்களோடு காலம் தள்ளிவிடலாம். கத்தி முடித்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். செவ்வந்தி பல்லைக் கடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் உள்ளேயே வைத்திருப்பாள். அவள் புருஷன் வேதகிரி டீக்கடையில் சொல்வான்: "எங்கூட்டுக்காரி திட்னா பயமே இல்லப்பா. திட்டாம சோறு போட்டா தான் வயித்தக் கலக்குது."

சாலவாக்கத்திலிருந்து உள்ளே ஐந்தாறு கிலோமீட்டர் போனால் காட்டுத்தாங்கல். ஏரிக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. செவ்வந்தி காலனியில் பிறந்து காலனியிலேயே வாழ்க்கைப்பட்டவள். வயது நாற்பத்து நாலு. நடவு, களை, அறுப்பு, அதெல்லாம் இல்லாத நாளில் நூறு நாள் வேலை. ஒரு சாண் நிலம் கிடையாது. ஆனால் கை இருக்கிறதே, அந்தக் கை! முட்டியளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டுத் தடவிக்கொண்டே போவாள். விரல் பட்டதுமே என்ன மீன் என்று சொல்லிவிடுவாள். வழவழவென்று திமிறினால் குறவை, முள்ளைத் தூக்கினால் தேளி, விரலைச் சுற்றினால் ஆரா. மேலே எடுத்துக் காட்டுவதெல்லாம் மற்றவர்கள் நம்புவதற்காகத்தான்.

ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை வருஷாவருஷம் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவன் கார்த்திகையில் கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விடுவான். வைகாசியில் தண்ணீர் வற்றும்போது வலை போட்டு அள்ளுவான். ஆனால் சேற்றில் தானாகப் பிறந்து தானாக வளர்கிற குறவை, தேளி, ஆராவுக்கு எவனும் காசு கொடுத்துக் குஞ்சு விட்டதில்லை. அதனால் ஏல மீன் ஏலக்காரனுக்கு, சேற்று மீன் கை விட்டுத் தடவுகிறவர்களுக்கு. இது எந்தக் காகிதத்திலும் கிடையாது, எல்லாருக்கும் தெரியும். காலனிப் பெண்கள் காலையில் ஓரத்துத் தண்ணீரில் இறங்கி ஒரு குழம்புக்குத் தடவிக்கொண்டு போவதை எந்த ஏலக்காரனும் தடுத்ததில்லை. வரதன் வரும் வரைக்கும்.

வரதன் ஊர்ப் பக்கத்து ஆள். வெள்ளைச் சட்டை, புல்லட் வண்டி, காதில் எப்போதும் போன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய வைகாசியில், வலையில் கட்லா குறைகிறது என்று அவனுக்குச் சந்தேகம். அந்த நேரம் பார்த்து செவ்வந்தி பானையோடு கரையேறினாள். கூட ஷாரோன், பக்கத்து வீட்டுக்காரி.

"பானையக் கவுத்து," என்றான் வரதன்.

"எல்லாம் குறவைதாங்க. வேணா பாத்துக்கோங்க."

"கவுத்துன்றேன் இல்ல?"

கவிழ்த்தாள். பதினோரு குறவை, நாலு தேளி, ஒரு ஆரா. ஒரு கட்லாச் செதில்கூட இல்லை. அதோடு விட்டிருந்தால் மனுஷன். வலைக்காரர்கள் ஏழெட்டு ஆண்கள் பார்த்துக்கொண்டு நிற்க, "முந்தானிய ஒதறு" என்றான். உதறினாள். "மடிய அவுத்துக் காட்டு, மடியில வெச்சிருப்ப" என்றான். அவிழ்த்துக் காட்டினாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் அவனுக்கு அவமானமாகப் போய்விட்டது போலிருக்கிறது. கீழே துடித்த மீன்களைச் செருப்புக் காலால் ஒதுக்கித் தள்ளி, "திருட்டுக் கும்பல்" என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு போனான். எட்டப் போய் யாரிடமோ சிரித்துப் பேசினான். செவ்வந்திக்கு அந்தச் சிரிப்பு மறக்கவில்லை.

"ஸ்டேஷனுக்குப் போலாமா?" என்றாள் வீட்டில்.

வேதகிரி ஓட்டுகிற டிராக்டர் வரதனுடைய பங்காளி வீட்டு டிராக்டர். "போனா நாளிக்கி எவன் நம்மள நடவுக்குக் கூப்புடுவான்? வுடும்மே," என்றான். அவள் சரி என்று அவனுக்குச் சோறு போட்டாள். திட்டவே இல்லை.

அந்தக் கார்த்திகையில் மொபெட்டில் பிளாஸ்டிக் டிரம் கட்டிக்கொண்டு ஒருவன் மீன் குஞ்சு விற்க வந்தான். செவ்வந்தி தெருமுனையில் அவனை நிறுத்தினாள்.

"மத்த மீனத் துன்ற மீனு எதுனா கீதா?"

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "இந்தக் கெளுத்தி கீது. கல்லத் தவிர எல்லாத்தையும் துன்னும்கா. உனுக்கு எதுக்கு?"

"உனுக்கு இன்னாத்துக்கு அது? எவ்ளோ, சொல்லு."

நூறு நாள் வேலைக் கூலியில் இருநூறு குஞ்சு. விடியற்காலையில் மதகுக்குப் பக்கத்தில் எப்போதும் தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் கொண்டுபோய் ஊற்றினாள். அவள் போட்ட கணக்கு இதுதான்: இந்தக் கெளுத்தி வரதன் காசு கொடுத்து விட்ட ஏல மீனைத் தின்னும், சேற்று மீன் சேற்றுக்குள் பத்திரமாக இருக்கும். பிறந்ததிலிருந்து அந்த ஏரியை இரண்டாகப் பிரித்தே பார்த்துப் பழகிய கண். மேல் தண்ணீர் அவர்களுடையது, கீழ்ச் சேறு நம்முடையது. மீனுக்கும் அந்தப் பாகப்பிரிவினை தெரியும் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

ஆனால் அடுத்த வைகாசியில் அவள் வயிறு குளிர்ந்தது உண்மை! வரதனுடைய வலையில் பாதிக்குப் பாதி இல்லை. கரையில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டான். செவ்வந்தி களை வெட்டப் போகிற வழியில் வேண்டுமென்றே நின்று, இடுப்பில் சொருகிய வெற்றிலையை எடுத்து, நிதானமாக மடித்துப் போட்டுக்கொண்டு, பார்த்துவிட்டுப் போனாள்.

அந்த ஆடியில்தான் ஷப்ரீன் வந்தாள். உத்திரமேரூர்க் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற முஸ்தபா பாயின் மகள். சென்னையில் ஆராய்ச்சி படிப்பு. ஏரி, கால்வாய்களில் வெளிநாட்டு மீன் எவ்வளவு பரவியிருக்கிறது என்று விஞ்ஞானிகள் கணக்கெடுக்கிறார்கள், அந்தந்த ஊர்க்காரர்களே தன்னார்வலர்களாக வந்தால் நல்லது என்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டாள். சமோசாவும் டீயும் உண்டு என்று கேள்விப்பட்டு ஷாரோன் இழுத்துக்கொண்டு போனாள். சுவரில் படம் விழுந்தது. தட்டைத் தலை, எட்டு மீசை, சாம்பல் உடம்பு.

"இது ஆப்பிரிக்கக் கெளுத்தி. நம்ம நாட்டுல இத வளக்கவே கூடாதுன்னு தடை இருக்கு. ஒருவாட்டி ஏரிக்குள்ள போச்சுன்னா எடுக்கறது ரொம்பக் கஷ்டம்," என்றாள் ஷப்ரீன்.

செவ்வந்தி சமோசாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். யாரெல்லாம் பெயர் கொடுக்கிறீர்கள் என்று கேட்டதும் முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். ஷாரோனுக்கு ஆச்சரியம். ஐயோ, அது சேவை மனப்பான்மை ஒன்றும் இல்லை. பரீட்சைக்கு அனுப்பிய பிள்ளையின் மார்க்கைப் பார்க்க ஓடுகிற தாயின் அவசரம்தான் அது.

வேலை இப்படி. ஏரியில் ஐந்து இடத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்த கல். இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை அந்த ஐந்து இடத்திலும் மூங்கில் பறியைத் தண்ணீரில் வைக்க வேண்டும். சனிக்கிழமை காலை எடுத்து, விழுந்த மீனை இனம் பிரித்து எண்ணி, ஸ்கேல் ஒட்டிய பலகையில் படுக்க வைத்து நீளம் பார்த்து, போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். நம் மீனைத் திரும்பத் தண்ணீரில் விடலாம். வெளி மீனை விடக் கூடாது, ஐஸ் பெட்டிக்குள் போட வேண்டும். மற்ற தன்னார்வலர்கள் இரண்டு மாதத்தில் கழன்றுகொண்டார்கள். செவ்வந்தி ஒரு தடவைகூடத் தவறவில்லை. காய்ச்சலோடு போனாள். பொங்கலன்றைக்கும் போனாள்.

"இவ்ளோ ஒயுங்கா யாருமே பண்ணதில்லக்கா," என்று ஷப்ரீன் மாய்ந்து போனாள். "நீங்க அனுப்பற கணக்க எங்க சார் கண்ண மூடிக்கினு ஏத்துக்கறாரு. செவ்வந்திம்மா சொன்னா சரியா தான் இருக்கும்ன்றாரு."

செவ்வந்தி சொன்னால் சரியாக இருக்கும்! நாற்பத்து நாலு வயதில் முதல் தடவையாக ஒருவர் சொல்லிக் கேட்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வேதகிரியிடம் நாலு தடவை சொன்னாள்.

நோட்டில் கெளுத்தி ஏறிக்கொண்டே போனது. ஆவணியில் ஆறு, ஐப்பசியில் பதினாலு, மார்கழியில் இருபத்தொன்பது. ஒவ்வொன்றையும் பலகையில் கிடத்தும்போது, 'தின்னு, நல்லாத் தின்னு, அவன் வீட்டுக் காசுதான்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். பெரிய கெளுத்தி ஒன்றின் வயிற்றை ஷப்ரீன் கிழித்துப் பார்த்தபோது செவ்வந்தி ஆவலோடு குனிந்தாள். ரோகு இருக்கும் என்று எதிர்பார்த்தாள்.

உள்ளே இருந்தது குறவைக் குஞ்சு. கை நிறையக் குறவைக் குஞ்சு.

"இதுங்க அடியில மேயற மீனுக்கா. சேத்துல இருக்கறதத் தான் மொதல்ல காலி பண்ணும்," என்றாள் ஷப்ரீன்.

செவ்வந்தி நோட்டைப் புரட்டினாள். குறவை: ஆவணியில் இருபத்திரண்டு, ஐப்பசியில் பதின்மூன்று, மார்கழியில் நாலு. அவள் கையால் எழுதியதுதான். கெளுத்தி வரிசையை மட்டுமே பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள், பக்கத்து வரிசையைப் பார்க்கவே இல்லை. வரதனோ முந்தின நஷ்டத்துக்குப் பிறகு உஷாராகி, இந்தத் தடவை ஒரு சாண் நீளம் வளர்ந்த குஞ்சாக வாங்கி விட்டிருந்தான். கெளுத்தி வாயில் அது நுழையவில்லை. அவன் கட்லா ராஜா மாதிரி மேலே உலாவிக்கொண்டிருந்தது.

வயிறு எரிந்தது அவளுக்கு. தன்மேல் எரிந்ததா என்றால், அதுதான் இல்லை. இதற்கும் வரதன்தான் காரணம் என்று தீர்த்துக்கொண்டாள். அவன் மடியை அவிழ்க்கச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் ஏன் குஞ்சு வாங்கப் போகிறேன்? பழியை வயிற்றில் சுமக்கிறவர்களுக்கு எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் கடைசியில் அதே ஆள் பெயரில்தான் கொண்டுபோய் முடிப்பார்கள்.

அந்த வைகாசியில் காலனிப் பெண்கள் பானையோடு இறங்கி வெறும் பானையோடு ஏறினார்கள். மூன்று நாள், நாலு நாள். சேற்றில் கை விட்டால் ஒன்று கெளுத்தி, இல்லையென்றால் ஒன்றுமில்லை. அந்த மீனைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று யாரும் தின்னவில்லை. தடை செய்த மீன் என்ற பேச்சு பரவியதும் ஷாரோன்தான் பற்ற வைத்தாள். வரதன் வீட்டுக்குப் பின்னால் குஞ்சு வளர்க்க இரண்டு பள்ளம் வெட்டி வலை மூடி வைத்திருக்கிறான் அல்லவா, கெளுத்தி அங்கே வளர்ந்துதான் மழையில் ஏரிக்கு வந்தது என்றாள். இரண்டே நாளில் ஊருக்கும் காலனிக்கும் அதுவே உண்மையாகிவிட்டது.

செவ்வந்தி வாயைத் திறக்கவில்லை. திறப்பாளா? கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்து நிற்கிறது!

ஆனி மாதம் ஞாயிற்றுக்கிழமை காலை பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் பந்தல் போட்டு விசாரணை. மீன்வளத்துறை அதிகாரி ஒருவர் ஃபைலோடு வந்திருந்தார். ஷப்ரீன் மேஜை மேல் கணக்குத் தாள்களை வைத்திருந்தாள். வரதன் நடுவில் நின்றான்.

"எம்புள்ள மேல சத்தியமா நான் வளக்கல சார். பள்ளத்துல கட்லாக் குஞ்சு தான் வெச்சிருந்தேன்."

"பொய்யி! எங்க சோத்துல மண்ணப் போட்டுட்டு சத்தியம் வேற பண்றியா?" என்று ஷாரோன் கத்தினாள்.

"ஏம்மா, வந்து பாருங்கன்றேன். ஒரு கெளுத்தி இருந்தாக் கூட..."

"இப்ப காஞ்சி போன பள்ளத்துல இன்னாத்தப் பாக்கறது?"

எல்லாரும் சிரித்தார்கள். வரதன் முகம் வெளிறிப் போய்ச் சுற்றிலும் பார்த்தான். உள்ளதைத்தான் சொல்கிறான், ஒருத்தர்கூட நம்பவில்லை. அந்த முகத்தைப் பார்க்க செவ்வந்தி இரண்டு வருஷம் காத்திருந்தாள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தாள். வெற்றிலை போடக்கூட மறந்து போனாள். இனிமேல் ஏலம் போய்விடும், அபராதம் விழும், பேப்பரில் பெயர் வரும். அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா நின்றால் போதும்.

அப்போது வார்டு மெம்பர் ஏகாம்பரம் எழுந்தார். ஊரில் பெரிய மனுஷன், எதையும் ராசியாக முடித்துவைக்கப் பார்க்கிற ஆள்.

"சரி, ஆனது ஆச்சு. தெரியாம வளத்துட்டான். அபராதத்தக் கட்டட்டும், வுட்டுடலாம். வரதன் நல்ல பையன் தான். இந்த மீன் விசயம் ஒன்னு தவிர, இது வரிக்கும் யாருக்கும் ஒரு கெடுதல் பண்ணதில்ல. இன்னாம்மா, நீங்க சொல்லுங்க?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கட்டட்டும், கட்டட்டும்" என்றார்கள். அன்றைக்குக் கரையில் பக்கத்திலேயே நின்றிருந்த ஷாரோன்கூடத் தலையை ஆட்டினாள்.

செவ்வந்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. யாருக்கும் ஒரு கெடுதல் பண்ணதில்லையா? அப்போது அந்த மடி? செருப்புக் காலில் தள்ளிய அந்த மீன்? இவன் செய்யாத ஒன்றுக்கு நாலு காசு அபராதம் கட்டிவிட்டு, செய்ததற்கு எதுவுமே இல்லாமல், நல்ல பையன் என்ற பெயரோடு வீட்டுக்குப் போகப் போகிறான். அவள் பழியை அவள் கண் முன்னாலேயே பிடுங்கி, வேறு ஒன்றுக்கு ஈடு கட்டி முடிக்கிறார்கள். விடுவாளா?

"அவுரு வளக்கல," என்றாள்.

யாருக்கும் காதில் விழவில்லை. மேஜை வரைக்கும் நடந்து போனாள்.

"அந்தக் கெளுத்திய ஏரியில வுட்டது நாந்தான். எரநூறு குஞ்சு. மொபெட்டுக்காரங்கிட்ட வாங்கியாந்து, மதகுப் பள்ளத்துல நான் ஊத்தனேன்."

ஷாரோன் பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அடிப்பாவி! எம்புள்ளைங்க வாயிலயும் சேத்து மண்ணப் போட்டுட்டு, எங்கூடவே பானையத் தூக்கினு வந்தியேடி!"

"ஆமாண்டி. தப்புதான். உனுக்கு நான் பதில் சொல்லணும், வூட்டாண்ட வா, செருப்பால அடி, வாங்கிக்கறேன். இப்போ கைய எடு."

ஷப்ரீன் எழுந்து நின்றுவிட்டாள். "அக்கா... ஒரு வருஷமாவா? அவ்ளோ கணக்கு அனுப்பனீங்களேக்கா."

"கணக்குல ஒரு மீனு கூடப் பொய்யி இல்ல பாப்பா. வுட்டத மட்டும் தான் சொல்லல." அந்தப் பெண்ணின் முகத்தை அதற்கு மேல் செவ்வந்தியால் பார்க்க முடியவில்லை.

வரதனுக்கு உயிர் வந்தது. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு மேஜையில் ஓங்கித் தட்டினான். "கேட்டீங்களா சார்? கேட்டீங்களா? எழுதுங்க. கேஸ் போடுங்க. என் ஏரிய நாசம் பண்ணதே இவதான், திருட்டுக் கும்பல்!"

அதிகாரி கார்பன் வைத்த ஃபாரத்தை எடுத்தார். பெயர், கணவர் பெயர், ஊர் எல்லாம் கேட்டு எழுதினார். மீன் வாங்கிய விவரம் எழுதினார். "காரணம்?" என்று வரதனைக் கேட்டார். "உங்களுக்கும் அவங்களுக்கும் என்ன பகை? எதுக்காக விட்டாங்க?"

வரதன் ஏகாம்பரம் பக்கம் திரும்பினான். "அது... தெரியல சார். பொறாம தான்."

"தெரியலயா? நான் சொல்றேன் சார், எழுதிக்கோங்க," என்றாள் செவ்வந்தி. பிள்ளைக்குப் பாடம் சொல்லுகிற மாதிரி, பேனா ஓடுகிற வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். தேதி சொன்னாள். கரையில் எந்த இடம் என்று சொன்னாள். வலைக்காரர்கள் எத்தனை பேர், யார் யார் என்று சொன்னாள். "முந்தானிய ஒதறச் சொன்னாரு. அப்பால மடிய அவுக்கச் சொன்னாரு. ஒன்னும் இல்ல. பதினோரு குறவை, நாலு தேளி, ஒரு ஆரா, அத்தையும் செருப்புக் காலால ஒதச்சாரு. எழுதிட்டீங்களா சார்? திருட்டுக் கும்பல்னு சொன்னாரு, இப்பக் கூட உங்க எதுர்லயே சொன்னாரு. அதுக்கு ஆத்தரம் தாங்காம நான் மீன வுட்டேன்."

பந்தலில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஏகாம்பரம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஷாரோன் தலையைக் குனிந்தபடி, "நானும் அங்கதான் இருந்தேன் சார்," என்றாள்.

அதிகாரி பேனாவை மூடிவிட்டு செவ்வந்தியைப் பார்த்தார். "அம்மா, இதுல கையெழுத்துப் போட்டா உங்க மேலயும் நடவடிக்கை வரும். மத்தது போலீசுக்குப் போகும். யோசிச்சுச் சொல்லுங்க."

வரதன் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தான். குரல் தாழ்ந்து போயிருந்தது. "இத வேணாம்மா. நான் கேஸ் குடுக்கல, நீயும் குடுக்காத. அபராதம் வேணா நானே கட்டிடறேன். எதுக்கு ரெண்டு பேருக்கும் பேஜாரு? ஏகாம்பரண்ணே, சொல்லுங்கண்ணே. அம்மா, உன்னத் தான், கேளும்மா."

அம்மாவாம். செவ்வந்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேதகிரி கூட்டத்துக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்து, அவள் பக்கத்தில் நின்றான்.

"ரெண்டும் ஒரே காயிதத்துல போவட்டும் சார்," என்று பேனாவை வாங்கினாள். அடியில் இருந்த நகலிலும் சரியாக விழ வேண்டும் என்று, அழுத்தி, முழுப் பெயரையும் எழுதினாள்.